கூடமும் கோணலாக இருக்கலாம்

கேள்வி: வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் நான் கருவியைக் கையில் எடுப்பேன். தளர்ந்த கதவுக் கீலை முடுக்குவது, சுவரில் பலகை மாட்டுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. நூற்றெட்டு உருப்படிகள் கொண்ட பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதே காசுக்கு நல்ல கம்பெனி ஸ்க்ரூ டிரைவர் என்றால் மூன்றோ நான்கோதான் வரும். "எப்போதாவது எடுக்கிறதுக்கு எதுக்கு ஒசத்தி?" என்கிறான் தம்பி. "வாங்கினால் முதல்தரமாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள்" என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர். இதற்கிடையில் போன வாரம் கதவுக் கீலில் இருந்த ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றப் போய், அதன் தலை மழுங்கிவிட்டது. டிரைவர் மோசமா, என் கை மோசமா என்றே தெரியவில்லை. – ஒரு வாசகி

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிரைவர் மோசமா, கை மோசமா என்று தெரியவில்லை என்கிறீர்கள். மட்டமான கருவி அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் நம் கையில் கொடுத்து அனுப்புகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சொல்லியே, கருவியை யாராவது குறை சொன்னால் சிரிக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் சொல்கிறேன், சில சமயம் கூடம் நிஜமாகவே கோணல்தான். அது கோணல் என்று கண்டுபிடிப்பதற்கே கொஞ்சம் ஆடத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தொல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் ஒரு பழைய தட்டை டிரைவர் இருந்தது. கைப்பிடி பாதி உடைந்திருக்கும், நுனியில் ஒரு மூலை தேய்ந்திருக்கும், தண்டும் லேசாக வளைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் எந்த ஸ்க்ரூவையும் கழற்றிவிடுவார். வளைவு எந்தப் பக்கம், தேய்ந்த மூலை எது என்று அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். அதற்கேற்பச் சாய்த்துப் பிடிப்பார். சேர்ந்த இரண்டாவது மாதம், அவர் இல்லாத நேரத்தில் நான் அதை எடுத்தேன். ஸ்க்ரூ அரைச் சுற்று திரும்பியது. அடுத்த அழுத்தில் நுனி எகிறி, மெருகு போட்டு வைத்திருந்த அலமாரிக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டு போய், பலகையைப் பிடித்திருந்த என் இடது உள்ளங்கையில் குத்தி நின்றது. தழும்பு இன்னும் இருக்கிறது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்கிற பழமொழியில் எந்தச் சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதனால் உங்கள் தம்பியின் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. தினமும் வேலை செய்கிறவர் மட்டமான கருவியின் குறையைக் கையால் சரிக்கட்டிவிடுவார். எப்போதாவது எடுக்கிறவருக்கு அந்தக் கை இருக்காது. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. நல்ல கருவியில் இரண்டு குணம் இருக்கும். ஒன்று, அது சரியாகப் பொருந்தும். இன்னொன்று, அடித்துப் போட்டு வேலை வாங்கினாலும் பல வருஷம் தாங்கும். தொழிலாளிக்கு இரண்டும் வேண்டும். உங்களுக்கு முதலாவது கட்டாயம் வேண்டும், இரண்டாவதில் பெரும்பகுதி வீண். உச்சத்தில் இருக்கிற சரக்கின் விலையில் நல்ல பங்கு அந்த இரண்டாவது குணத்துக்குத்தான் போகும். எனவே வருஷத்துக்கு எத்தனை தடவை எடுப்போம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கருவி வழுக்கினாலோ, உடைந்தாலோ, தப்பான அளவு காட்டினாலோ என்ன போகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பதில் கருவிக்குக் கருவி மாறும்.

உங்கள் ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார் ஸ்க்ரூ என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது ஃபிலிப்ஸ் வகை. 1936-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது. அந்தக் கூட்டல் குறிப் பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தாக இருக்காது, உள்ளே போகப் போகக் குறுகும். டிரைவரைத் திருப்பும்போது அந்தச் சரிவே நுனியை வெளியே தள்ளும், நாம் அழுத்திப் பிடித்து அதற்கு எதிர் கொடுக்கிறோம். நுனி பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருந்தால் அளவான அழுத்தம் போதும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் எவ்வளவு அழுத்தினாலும் எகிறும், எகிறும்போது பள்ளத்தின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு வரும். மூன்று தடவை எகிறினால் கூட்டல் குறி போய் வெறும் குழி மிஞ்சும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இதில் அளவு இருப்பது பல பேருக்குத் தெரிவதில்லை. பிஎச் 0, பிஎச் 1, பிஎச் 2, பிஎச் 3 என்று தண்டிலோ கைப்பிடியிலோ பொறித்திருக்கும். கதவு, அலமாரி ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை பிஎச் 2. பொம்மையின் பேட்டரி மூடி மாதிரிச் சின்னவை பிஎச் 0 அல்லது 1. பிஎச் 1 நுனி பிஎச் 2 பள்ளத்துக்குள் தாராளமாகப் போகும். அங்கேதான் ஏமாறுகிறோம். உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. அப்புறம், கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையிலும் மெல்லிய கோடு தெரிந்தால் அது போசிட்ரைவ் வகை. அதன் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக இருக்கும், அதற்குப் பிஇசட் என்று போட்ட டிரைவர் வேண்டும். பெட்டியில் பிரித்து வந்து நாமே பூட்டுகிற மரச்சாமான்களில் இந்த வகை அடிக்கடி வரும். உலகத்திலேயே உயர்ந்த பிஎச் டிரைவரைக் கொண்டுவந்தாலும் பிஇசட் தலையில் ஒழுங்காகப் பிடிக்காது. ஆக, தரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். சரியான அளவில் இருக்கிற நடுத்தர டிரைவர், தப்பான அளவில் இருக்கிற முதல்தர டிரைவரை எப்போதும் ஜெயித்துவிடும்.

அளவு சரி, செய்நேர்த்தி எப்படி என்று கடையிலேயே பார்க்கலாம். புது ஸ்க்ரூ ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நுனியில் மாட்டி டிரைவரைப் படுக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல நுனி என்றால் காந்தம் இல்லாமலே ஸ்க்ரூ பெரும்பாலும் அப்படியே நிற்கும், விரலால் தொட்டால் கடகடவென்று ஆடாது. மட்டமானதில் தலை தொங்கும், இல்லை கீழே விழும். நுனியையும் வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்புகள் கூராக வெட்டினதுபோல் இருக்க வேண்டும். பூச்சு தடித்து மூலைகள் உருண்டு, சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கைப்பிடி கொஞ்சம் தடியாக இருக்கட்டும். ஒரே பலத்தில் திருப்பினாலும் தடித்த பிடியில் முறுக்கு அதிகம் கிடைக்கும், கை வலு குறைந்தவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை.

குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பதைக் காட்டி விற்பார்கள். அது மலிவுச் சரக்கிலும் இருக்கும், பொய்யாகவும் இருக்காது. எஃகு நல்ல எஃகாகவே இருந்தாலும், அதற்கு எப்படிப் பதம் போட்டார்கள் என்பதில்தான் சங்கதி. பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகும், கூடவே கண்ணாடி மாதிரி நொறுங்குகிற குணமும் வரும். அதனால் மறுபடி அளவாகச் சூடேற்றி அந்த விறைப்பைக் கொஞ்சம் இறக்குவார்கள். இறக்கியது அதிகமானால் நுனி முறுக்கிக்கொள்ளும், போதாவிட்டால் சில்லாகத் தெறிக்கும். ராக்வெல் சி என்கிற கடினத்தன்மை அளவில் நல்ல மர உளி 58-லிருந்து 62-க்குள் இருக்கும். நாலைந்து புள்ளி கீழே போனால் நாலு தட்டிலேயே முனை மடங்கும். சூளையில் சூட்டை ஒரே சீராக வைப்பதற்கும், செய்ததில் சிலவற்றை எடுத்துச் சோதிப்பதற்கும்தான் நல்ல கம்பெனி காசு வாங்குகிறது. மலிவுச் சரக்கில் ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்திலேயே இருக்கிற இன்னொன்று களிமண்ணாக இருக்கும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தக் காரணத்தால்தான் "முதலில் மலிவாக வாங்கு, உடைவதை மட்டும் நல்லதாக மாற்று" என்கிற பிரபலமான யோசனையை நான் பாதிதான் ஏற்கிறேன். எது நமக்கு நிஜமாகவே தேவை என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ஆனால் மட்டமான கருவி எல்லாமே உடைந்து காட்டிக்கொடுத்துவிடாது. டிரைவர் உடையாது. சத்தமில்லாமல் வீட்டில் இருக்கிற ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் உங்கள் கையை நொந்துகொண்டிருப்பீர்கள்.

ஸ்பேனருக்கு வருவோம். ஸ்க்ரூ ஸ்பேனர் என்கிறோமே, புழுச் சக்கரத்தை உருட்டி வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனர், அதில் மட்டும் மலிவுக்குப் போகவே போகாதீர்கள். அசைகிற தாடை தன் பள்ளத்தில் இறுக்கமாக ஓட வேண்டும். மட்டமானதில் அந்தத் தாடை பல் ஆடுகிற மாதிரி ஆடும். நட்டில் மாட்டி இறுக்கமாக வைத்திருப்பீர்கள், பலம் கொடுத்ததும் வாய் விரிந்து நட்டின் மூலையைத் தேய்த்துக்கொண்டு வழுக்கும். உங்கள் விரல் முட்டி நேராகச் சுவரில் போய் மோதும். கடையில் வாயைப் பாதி திறந்து அசைகிற தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு எல்லாவற்றிலும் இருக்கும், டக்டக்கென்று கேட்டால் வேண்டாம். நல்லதையும் தப்பாகப் பிடித்தால் கெடும். அசையாத தாடையின் மேல் பாரம் விழுகிற பக்கமாக வைத்து இழுக்க வேண்டும். அசைகிற தாடை நீங்கள் இழுக்கிற திசையில் இருக்கட்டும். முடிந்தவரை தள்ளாமல் இழுங்கள், வழுக்கினாலும் முட்டி பிழைக்கும்.

குழாய் வேலை தவிர மற்றதற்கு நிலையான வாய் ஸ்பேனர்தான் மேல். மில்லிமீட்டர் அளவில் 8, 10, 13 மூன்றும் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஐந்து, ஆறு, எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளின் தலை அளவு முறையே அவைதான்.

மின்சாரத்துக்கு வந்தால் கஞ்சத்தனமே கூடாது. கட்டிங் பிளேயரின் பிடியில் ரப்பர் உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான உறை கை வழுக்காமல் இருக்கப் போட்டது, அவ்வளவுதான். மின்காப்புக் கருவிக்கு ஐஇசி 60900 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி செய்ததில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் பொறித்திருக்கும். ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். இந்தக் குறியையும் போலியாகப் போட முடியும் என்பதால், பெயர் தெரிந்த கம்பெனியாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். வாங்கிவிட்டோமே என்று மெயினை அணைக்காமல் வேலை செய்யக் கூடாது. டெஸ்டரும் அப்படித்தான். நியான் விளக்கு எரிவதற்கான மின்னோட்டம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கிற ஒரு சின்ன மின்தடைதான் அதைக் கூச்சம்கூடத் தெரியாத அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையின் தரத்தை விலை குறைவு என்பதற்காக யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டெஸ்டரால் ஸ்க்ரூ முடுக்குவதையும் விட்டுவிடுங்கள். விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடவும் வேண்டாம்.

கட்டிங் பிளேயரை எப்படிப் பார்ப்பது என்றால், மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டுங்கள். வெட்டுகிற விளிம்புகளுக்கு இடையே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள், கடித்துப் பிய்க்காமல் சுத்தமாக வெட்டினால் நல்லது. இரண்டு கைப்பிடிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக ஆட்டினால் நடுவிலுள்ள ஆணி ஆடக் கூடாது. சின்னக் கை என்றால் முழுசாக விரித்துப் பிடித்துப் பாருங்கள். பெரிய பிளேயர்கள் பல, பெரிய உள்ளங்கையை மனதில் வைத்துச் செய்தவை. கைக்கு எட்டாத நல்ல பிளேயர் பரணில்தான் கிடக்கும்.

சுத்தியலில் உச்சத்துக்கும் போக வேண்டாம், அடிமட்டத்துக்கும் போக வேண்டாம். ஆணி பிடுங்கும் கவையோடு, தலை 450 கிராம் எடை உள்ளது வீட்டுக்குப் போதும். தலை அடித்து உருவாக்கிய எஃகாக இருக்க வேண்டும். வார்ப்பில் ஊற்றின தலையில் சில்லு பெயரும், பெயர்ந்த சில்லு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். எவ்வளவு நல்ல சுத்தியலானாலும் ஒரு சுத்தியல் முகத்தை இன்னொரு சுத்தியலால் அடிக்காதீர்கள். தலையும் பிடியும் சேருகிற இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், மற்றபடி கம்பெனி பெயர் பெரிய விஷயமில்லை.

இப்போது மலிவு ஜெயிக்கிற பக்கம்.

கைரம்பம் அதில் முதலாவது. பல் நுனி மட்டும் நீலம் பூத்த கருப்பாக இருக்கிற ரம்பங்கள் கிடைக்கும். பல்லை மட்டும் மின்தூண்டலில் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அரத்தால் அதைத் தீட்ட முடியாது, மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் நீங்கள் வருஷத்துக்கு நாலு பலகை அறுத்தால் அது மழுங்க எத்தனையோ வருஷம் ஆகும். விலை கூடிய பழைய பாணி ரம்பமோ பல் தீட்டத் தெரிந்தவரைத் தேடும். இங்கே மலிவானது உங்களுக்கு இன்னும் நல்ல கருவி. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிரேமும் சுமாராக இருக்கலாம், பிளேடை முறுக்கேற்றி விறைப்பாகப் பிடித்தால் சரி. பிளேடு மட்டும் நல்லதாக வாங்குங்கள். அங்குலத்துக்கு 24 பல் பொதுவான வேலைக்கு, மெல்லிய குழாய்க்கு 32. எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். பல் முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்டுங்கள். இதை மாற்றி மாட்டிவிட்டுப் பிளேடைத் திட்டினவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

மரச் சுத்தியல், சுரண்டி, பட்டி பூசுகிற தகடு, கவ்விகள், தூரிகை, கருவிப் பை எல்லாம் கிடைக்கிற விலையில் வாங்கலாம். உளி கொஞ்சம் விசித்திரமான சாதி. தீட்டத் தெரியாதவர் கையில் ஒசத்தி உளியும் ஒரே மாதத்தில் மட்ட உளியாகிவிடும். நடுத்தர உளி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள், உளியைவிடக் கல்லுக்கு அதிகம் கொடுத்தாலும் தப்பில்லை. தீட்டப் பொறுமை இல்லை என்றால் உளியே வாங்காதீர்கள்.

அளக்கிற சாமான்களில் சோதித்து வாங்கினால் மலிவு போதும், ஏனென்றால் சோதிக்கக் காசு ஆகாது. ரசமட்டத்தை ஒரு மேசை மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் தலைமாற்றி வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் ஒரே பக்கம் ஒரே அளவு ஒதுங்கினால் மேசைதான் சாய்வு, மட்டம் நல்லது. பக்கம் மாறினால் மட்டம் பொய் சொல்கிறது. மூலைமட்டமும் இப்படித்தான். பலகையின் நேரான விளிம்பில் சாத்திக் கோடு போட்டு, புரட்டிச் சாத்தி மறுபடி கோடு போட்டால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். அளவு டேப்பில் நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் தகட்டுத் தடிமன் எவ்வளவோ அவ்வளவு அது நகரும். விளிம்பில் மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டவைத்து அளந்தாலும் ஒரே அளவு வருவதற்காக வைத்த ஏற்பாடு அது. டேப்பில் வட்டத்துக்குள் ரோமன் எண் இரண்டு போட்டிருந்தால், ஐந்து மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்று அர்த்தம். அலமாரி மாட்ட அது தாராளம். ஒரு வேலையை ஆரம்பித்தால் முடிகிற வரை ஒரே டேப்பில் அளந்துகொள்ளுங்கள்.

சரி, நூற்றெட்டு உருப்படிப் பெட்டி. அதைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டுகிற விரல் நுனி அளவு பிட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு உருப்படி, அவை நாற்பது ஐம்பது வரும். அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூவைத் திருப்புகிற அலன் கீ ஒரு கொத்து, அதில் ஒவ்வொன்றும் ஒரு உருப்படி. நீங்கள் ஆயுளில் பார்க்கப் போகாத அளவில், நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்புகிற சாக்கெட்டுகள். பெட்டிக்கும் எண்ணிக்கைக்கும் கொடுத்தது போக, நீங்கள் நிஜமாகப் பிடிக்கப் போகிற ஆறு கருவிக்கு மிஞ்சியது சொற்பம். அதில் இருக்கிற சாக்கெட்டை உள்ளே பாருங்கள். பன்னிரண்டு மூலை இருந்தால் நட்டைக் கூர்மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கும், இளகிய எஃகும் சேர்ந்தால் மூலை மழுங்கிப்போகும். ஆறு மூலை உள்ளது நட்டின் தட்டைப் பக்கத்தைப் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. மலிவுக் கருவிகளின் மெத்தென்ற ரப்பர் பிடி, எடுக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் சில வருஷத்தில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்துவிடும். எப்போதாவது எடுக்கிறவருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

எனவே பெட்டி வேண்டாம். பிஎச் 1, பிஎச் 2, நடுத்தர அகலத்தில் ஒரு தட்டை டிரைவர், இருநூறு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், 1000 வோல்ட் குறி போட்ட கட்டிங் பிளேயர் ஒன்று. இவற்றில் நடுத்தரத்துக்கு ஒரு படி மேலே போங்கள். தொழிற்சாலைகளுக்குச் சரக்கு கொடுக்கிற கம்பெனிகளின் சாதாரண வரிசை உங்களுக்குப் போதும், மேல் வரிசையைத் தொட வேண்டாம். சுத்தியல் நடுத்தரமாக இருக்கட்டும். டேப், மட்டம், ரம்பம் ஆகியவற்றைச் சோதித்து மலிவாக வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். வேலை வரும்போது அந்த வேலைக்கு வேண்டியதை வாங்கினால் போதும். ஆயுளில் ஒரு தடவை தேவைப்படுகிற பெரிய பைப் ரெஞ்சு, ஓடு வெட்டும் கருவி எல்லாம் வாடகைக்கோ இரவலுக்கோ எடுங்கள்.

பழைய கருவி கிடைத்தால் தள்ளிவிடாதீர்கள். ஓய்வு பெற்ற தொழிலாளி விற்கிற ஸ்பேனர், மலிவுப் பெட்டியில் இருக்கிற புது ஸ்பேனரைவிட நூறு மடங்கு மேலாக இருக்கும். மேலாகத் துரு இருந்தால் பயமில்லை, தேய்த்தால் போய்விடும். வாயின் உட்பக்கம் குழி விழுந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ வேண்டாம். உளியின் அடிவாங்கும் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அந்த விளிம்பைச் சாணை பிடித்து எடுக்காமல் அடிக்கக் கூடாது.

எப்போதாவது எடுக்கிற கருவி தேய்ந்து சாகாது, துருப்பிடித்துத்தான் சாகும். தொட்டியின் அடியிலும் குளியலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைப் பையில் போட்டு வைக்கலாம். அப்புறம், இப்போது உங்களிடம் இருக்கிற அந்த மோசமான டிரைவரைத் தூக்கிப் போட வேண்டாம். பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவதற்கும், இரவல் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கும் அதுதான் ஏற்றது.

மழுங்கின ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது. நல்ல பிஎச் 2 டிரைவர் வாங்கி வந்ததும், அதைப் பள்ளத்தில் நேராக வைத்துக் கைப்பிடியின் மேல் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். இறுகிப்போன மரை கொஞ்சம் அதிரும், நுனியும் ஆழமாக உட்காரும். முதலில் முடுக்குகிற பக்கம் ஒரு துளி திருப்பிவிட்டு, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். திருப்புகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் அதிகமாக இருக்கட்டும், மழுங்கின பள்ளத்தில் அழுத்தம்தான் பிடி. வழுக்கினால் நடுவில் அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். வால்வு தேய்க்கிற பசை கிடைத்தால் நுனியில் ஒரு பொட்டு தொட்டுக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் மணல் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால், தலை கீலுக்கு மேல் கொஞ்சம் எழும்பியிருக்கும் பட்சத்தில் ஆக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு காடி அறுத்துத் தட்டை டிரைவரால் கழற்றலாம். வந்தபின் பழைய ஸ்க்ரூவை மறுபடி போடாதீர்கள். ஓட்டை பெருத்திருந்தால் பசை தொட்ட மரச் சிம்பு இரண்டைத் திணித்து, காய்ந்ததும் நீட்டின சிம்பை வெட்டிவிட்டு, புது ஸ்க்ரூவின் மரையில் மெழுகு தடவிப் போடுங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் கதவுக்கு அடியில் ஒரு ஆப்பு வைத்து அதன் கனத்தைத் தாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். பாரம் தொங்குகிற ஸ்க்ரூ எந்த டிரைவருக்கும் மசியாது.